தமிழ்நாட்டில் வழக்கறிஞராகப் பதிவு செய்யப் போகிறீர்களா? பேப்பரிலிருந்து பார் தேர்வு வரை

கையில் சட்டப் பட்டம் இருப்பதால் மட்டும் நீதிமன்றத்தில் இன்னொருவருக்காக எழுந்து நின்று பேச முடியாது. வழக்கறிஞர்களைப் பதிவு செய்யும் அமைப்பான மாநில பார் கவுன்சிலின் பட்டியலில் பெயர் ஏறியவர்தான் வழக்கறிஞர் தொழில் செய்யலாம் என்கிறது 1961-ம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டம். பெயர் ஏறாமலேயே தொழில் செய்தால் 45-வது பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறைத் தண்டனை உண்டு.

பெயரை ஏற்றுவதற்கு என்ன செய்ய வேண்டும் என்று கேட்டுப் பாருங்கள், பத்துப் பேர் பத்து விதமாகச் சொல்வார்கள். சீனியர்கள் தங்கள் காலத்து நடைமுறையைச் சொல்வார்கள், வாட்ஸ்அப் குழுவில் போன வருடத்து லிஸ்ட் சுற்றும், ஜெராக்ஸ் கடையில் ஒருவர் புதிதாக ஒரு அஃபிடவிட்டைச் சேர்த்துவிடுவார். நானும் இதில் நிறைய அலைந்தேன். எனக்குப் பின்னால் வருகிறவர்கள் அப்படி அலைய வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன். தமிழ்நாடு மற்றும் புதுச்சேரி பார் கவுன்சிலில் பதிவு செய்கிறவர்களை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன். இரண்டு பகுதிக்கும் ஒரே பார் கவுன்சில்தான், சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் இருக்கிறது.

1. உங்கள் படிப்பு வரிசை சரியாக இருக்கிறதா, முதலில் அதைப் பாருங்கள்

சட்டம் கேட்கிற அடிப்படைத் தகுதிகள் 24-வது பிரிவில் இருக்கின்றன. இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும், 21 வயது முடிந்திருக்க வேண்டும், இந்திய பார் கவுன்சில் அங்கீகரித்த சட்டப் பட்டம் வேண்டும். இந்த மூன்றும் எல்லோரிடமும் இருக்கும். சிக்கல் வருவது சட்டப் பட்டத்துக்கு முன்னால் படித்த படிப்பில்.

மூன்றாண்டு சட்டப் படிப்பு படித்தவர் என்றால் பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ, அப்புறம் ஒரு பட்டம், அதற்குப் பிறகு சட்டம் என்ற வரிசையில் வந்திருக்க வேண்டும். பிளஸ் டூ படிக்காமல் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் நேரடியாகப் பட்டம் வாங்கிவிட்டு சட்டக் கல்லூரியில் சேர்ந்தவர்கள் நம் ஊரில் நிறையப் பேர். 2008-ம் ஆண்டு சட்டக் கல்வி விதிகளின் 5-வது விதி அந்த வழியை ஏற்பதில்லை. ஆனால் பிளஸ் டூவை முறையாக முடித்துவிட்டுப் பட்டத்தை மட்டும் தொலைதூரக் கல்வியில் படித்தவர்கள் பயப்பட வேண்டியதில்லை. இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டு தூக்கத்தைத் தொலைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

வேறு மாநிலத்தில் சட்டம் படித்தவர்களுக்கு ஒரு சந்தேகம் எப்போதும் இருக்கும்: ஆந்திராவில் படித்தால் ஆந்திராவில்தான் பதிவு செய்ய வேண்டுமா? இல்லை. எங்கே தொழில் செய்ய நினைக்கிறீர்களோ அந்த மாநில பார் கவுன்சிலில் விண்ணப்பிக்கச் சொல்கிறது 25-வது பிரிவு. ஆனால் வெளிமாநிலப் பட்டம் என்றால் பல்கலைக்கழகத்துக்கு எழுதிக் கேட்டு உண்மைத்தன்மையைச் சரிபார்ப்பார்கள், அதற்குக் காலம் பிடிக்கும் என்பதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். பட்டங்களின் உண்மைத்தன்மையைச் சரிபார்த்துத் தருவதற்குப் பல்கலைக்கழகங்களும் தேர்வு வாரியங்களும் கட்டணம் வாங்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2023 ஏப்ரலில் உத்தரவிட்டிருக்கிறது.

இன்னும் கல்லூரியில் சேராதவர் யாராவது இதைப் படித்தால் ஒன்று சொல்லிவிடுகிறேன். "வகுப்புக்கே வர வேண்டாம், பரீட்சைக்கு மட்டும் வாங்க" என்று சொல்லி இடம் பிடித்துக் கொடுக்கிற புரோக்கர்கள் பக்கம் போகவே போகாதீர்கள். ஒவ்வொரு பாடத்திலும் 70 சதவீத வருகை விதியிலேயே இருக்கிறது. முழுநேர வேலையில் இருந்துகொண்டே வேறு மாநிலத்தில் ரெகுலராகப் படித்ததாகக் காட்டினால், பதிவின்போது உங்கள் வேலைச் சான்றும் கல்லூரி வருகையும் ஒன்றுக்கொன்று எதிராக நிற்கும்.

2. வேலையில் இருந்தால் அதை முடித்துவிட்டு வாருங்கள்

முழுநேரச் சம்பள வேலையில் இருக்கிறவர் வழக்கறிஞராகத் தொழில் செய்யக் கூடாது. இந்திய பார் கவுன்சில் விதிகளில் 49-வது விதி இதைச் சொல்கிறது. அரசு வேலை, தனியார் வேலை இரண்டுக்கும் பொருந்தும். "யாருக்குத் தெரியப் போகிறது" என்று நினைக்காதீர்கள். பிஎஃப் கணக்கு, வருமான வரி என்று எல்லாமே பான் எண்ணோடு பிணைந்திருக்கிற காலம் இது.

ராஜினாமா கடிதம் கொடுத்தால் போதாது, நிறுவனம் உங்களை விடுவித்த ரிலீவிங் ஆர்டர் வேண்டும். நோட்டீஸ் காலம் மூன்று மாதம் இருக்கிற நிறுவனத்தில் வேலை பார்க்கிறீர்கள் என்றால் அந்த மூன்று மாதத்தையும் சேர்த்துத் திட்டமிடுங்கள். ஓய்வு பெற்ற அரசு ஊழியர்கள் ஓய்வு ஆணையையும், துறை நடவடிக்கை எதுவும் நிலுவையில் இல்லை என்பதற்கான சான்றையும் தயாராக வைத்திருப்பது நல்லது. அரசுத் துறையில் இதை வாங்குவதற்குத்தான் அதிக நாள் ஆகும்.

சொந்தமாகத் தொழில் செய்கிறவர்களுக்கு விதி கொஞ்சம் இடம் கொடுக்கிறது. நேரடியாக வியாபாரம் செய்யக் கூடாது, ஆனால் நிர்வாகத்தில் தலையிடாத ஸ்லீப்பிங் பார்ட்னராக இருக்கலாம். கம்பெனி இயக்குநராக இருக்கலாம், நிர்வாக இயக்குநராகவோ கம்பெனி செக்ரட்டரியாகவோ இருக்கக் கூடாது. சட்டக் கல்லூரியில் பகுதி நேரமாகப் பாடம் எடுக்கலாம், நாளைக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது.

3. பெயரை எல்லா ஆவணத்திலும் ஒன்றாக்குங்கள்

பலருக்கு மாதக்கணக்கில் தாமதமாவது இதனால்தான். நம் ஊரில் இனிஷியல் வைத்துப் பெயர் எழுதுகிறோம். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் "சு. முருகேசன்" என்று இருக்கும். ஆதாரில் "முருகேசன் சுப்பிரமணியன்" ஆகிவிடும். பட்டத்தில் இனிஷியல் பின்னால் போயிருக்கும். சில பேருக்கு ஆங்கில எழுத்தில் ஒரு எச் கூடவோ குறையவோ இருக்கும், நடுவில் ஒரு ஊர்ப் பெயர் சேர்ந்திருக்கும். கல்யாணத்துக்குப் பிறகு கணவர் பெயரின் முதல் எழுத்தை இனிஷியலாக மாற்றிக்கொண்ட பெண்களுக்கு இது இரண்டு மடங்கு தலைவலி.

உங்கள் பெயர் பட்டியலில் எப்படி ஏறுகிறதோ அப்படித்தான் வாழ்நாள் முழுக்க வக்காலத்தில் வரும். அதனால் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இருக்கிற பெயரை அடிப்படையாக வைத்துக்கொண்டு மற்றவற்றை அதற்கு ஏற்ப மாற்றுங்கள். ஆதார், பான் இரண்டையும் மாற்றுவது ஓரளவு சுலபம். இனிஷியலின் விரிவில் மட்டும் வேறுபாடு என்றால் இருவரும் ஒருவரே என்று நோட்டரி முன்பு பிரமாணப் பத்திரம் கொடுத்துப் பார்க்கலாம். பெயரே மாறியிருந்தால் தமிழ்நாடு அரசிதழில் பெயர் மாற்ற அறிவிப்பு வெளியிட்டு அந்தப் பிரதியை இணைப்பதுதான் உறுதியான வழி. இறுதியாண்டு படிக்கும்போதே இதைத் தொடங்கிவிட்டீர்கள் என்றால் ரிசல்ட் வரும்போது இந்த வேலை முடிந்திருக்கும்.

4. ஆவணங்களை இரண்டு செட் எடுத்து வையுங்கள்

அவ்வப்போது படிவம் மாறும், அதனால் விண்ணப்பிக்கும் சமயத்தில் பார் கவுன்சில் வெளியிட்டிருக்கிற பட்டியலை மட்டும் நம்புங்கள். பொதுவாகக் கேட்பவை: பத்தாம் வகுப்பு மற்றும் பிளஸ் டூ மதிப்பெண் சான்றிதழ்கள், இளநிலைப் பட்டம், சட்டப் படிப்பின் எல்லா செமஸ்டர் மதிப்பெண் பட்டியல்களும், சட்டப் பட்டம் அல்லது புரொவிஷனல் சர்டிபிகேட், கல்லூரி டிசி, நன்னடத்தைச் சான்று, ஆதார், சாதிச் சான்றிதழ், புகைப்படங்கள். உங்களைத் தெரிந்த வழக்கறிஞர்களிடமிருந்து நன்னடத்தைச் சான்றும் கேட்பார்கள். அதைக் கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுக்கிற முன்பின் தெரியாதவரிடம் வாங்காமல் நீங்கள் இன்டர்ன்ஷிப் செய்த சீனியரிடம் வாங்குங்கள். பின்னால் யாராவது விசாரித்தால் அவர் உங்களுக்காகப் பேசுவார்.

பட்டமளிப்பு விழாவுக்காகக் காத்திருக்க வேண்டாம். புரொவிஷனல் சர்டிபிகேட்டை வைத்தே விண்ணப்பிக்கலாம். அரியர் எழுதிப் பாஸ் செய்தவர்கள் தோல்வியடைந்த மதிப்பெண் பட்டியல்களையும் தூக்கிப் போடாமல் வைத்திருங்கள், வரிசையாகக் காட்ட உதவும்.

படிப்பை முடித்துப் பல வருடம் கழித்துப் பதிவு செய்ய வருகிறீர்களா? இடைப்பட்ட காலத்தில் என்ன செய்தீர்கள் என்று பிரமாணப் பத்திரம் கேட்பார்கள். தேர்வுக்குப் படித்தேன், குழந்தையைப் பார்த்துக்கொண்டேன், தனியார் நிறுவனத்தில் வேலை பார்த்தேன், எதுவாக இருந்தாலும் உள்ளதை உள்ளபடி எழுதுங்கள்.

எதையும் கொடுப்பதற்கு முன்னால் ஒவ்வொரு தாளையும் இரண்டு பக்கமும் ஸ்கேன் செய்து வைத்துக்கொள்ளுங்கள். மதிப்பெண் பட்டியலின் பின்பக்கத்தில் ஒரு முத்திரை இருக்கும், அதை விட்டுவிட்டு ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்து திரும்பி வந்தவர்கள் உண்டு.

5. வழக்கு ஏதாவது இருந்தால் மறைக்காதீர்கள்

24-ஏ பிரிவு யாரைப் பதிவு செய்யக் கூடாது என்று சொல்கிறது. ஒழுக்கக்கேடான குற்றத்தில் தண்டனை பெற்றவர், தீண்டாமைக் குற்றச் சட்டத்தில் தண்டனை பெற்றவர், அதே மாதிரியான குற்றச்சாட்டில் அரசுப் பணியிலிருந்து நீக்கப்பட்டவர் ஆகியோருக்குப் பதிவு கிடையாது. விடுதலையான நாளிலிருந்தோ பணி நீக்கத்திலிருந்தோ இரண்டு வருடம் கழிந்தால் இந்தத் தடை விலகும்.

தமிழ்நாட்டில் பதிவுக்கு முன் காவல்துறை சரிபார்ப்பும் உண்டு. ஆதாரில் சொந்த ஊர் முகவரி, தங்கியிருப்பது சென்னையில் மேன்ஷன் என்றால் விசாரணை ஊர் ஸ்டேஷனுக்குப் போய்விடும், நீங்கள் இங்கே காத்துக்கொண்டிருப்பீர்கள். நிஜமாக இருக்கிற முகவரியைக் கொடுத்து, ஃபோனை எடுக்கிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள்.

கல்லூரிப் போராட்டத்தில் பதிவான எஃப்ஐஆர், சொத்துத் தகராறில் பங்காளி கொடுத்த புகார், எதுவாக இருந்தாலும் படிவத்தில் கேட்கிற இடத்தில் எழுதி, எஃப்ஐஆர் நகலையும் வழக்கின் இப்போதைய நிலையையும் இணையுங்கள். வழக்கு முடிந்திருந்தால் தீர்ப்பு நகலைச் சேருங்கள். முக்கியமான விவரத்தைத் தவறாகச் சொல்லியோ மோசடியாகவோ பதிவு பெற்றவரின் பெயரைப் பட்டியலிலிருந்தே நீக்கும் அதிகாரம் 26-வது பிரிவில் இந்திய பார் கவுன்சிலுக்கு இருக்கிறது. பத்து வருடம் தொழில் செய்த பிறகுகூட அது நடக்கலாம். சின்ன வழக்கை மறைத்துப் பெரிய ஆபத்தைத் தேடிக்கொள்ளாதீர்கள்.

6. எவ்வளவு பணம் கட்ட வேண்டும்

சட்டத்தில் இருக்கிற தொகை இவ்வளவுதான்: மாநில பார் கவுன்சிலுக்கு 600 ரூபாய், இந்திய பார் கவுன்சிலுக்கு 150 ரூபாய். பட்டியலினத்தவர், பழங்குடியினருக்கு 100 ரூபாயும் 25 ரூபாயும். இதோடு முத்திரைக் கட்டணம் பொருந்துகிற இடத்தில் அது தனி.

ஆனால் பல வருடமாகப் பல மாநிலங்களில் ஆயிரக்கணக்கில் வாங்கிக்கொண்டிருந்தார்கள். ஒடிசாவில் 42,100 ரூபாய் வரை போனது. ஏழை வீட்டிலிருந்து முதல் தலைமுறையாகச் சட்டம் படித்து வருகிற பிள்ளைக்கு அது எவ்வளவு பெரிய சுவர் என்பதை அந்தப் பணத்தைப் புரட்ட அலைந்தவர்களுக்குத்தான் தெரியும். 2024 ஜூலை 30-ம் தேதி கௌரவ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம், சட்டம் சொல்கிற தொகைக்கு மேல் பதிவுக்கு நிபந்தனையாக எதையும் வாங்கக் கூடாது என்று தீர்ப்பளித்தது. தீர்ப்புக்கு முன்னால் கட்டியவர்களுக்குப் பணம் திரும்ப வராது, அதற்குப் பிறகு பதிவு செய்கிறவர்களுக்குத்தான் பலன். அப்புறம் "விருப்பக் கட்டணம்" என்று பெயர் மாற்றி வாங்குவது பற்றிப் புகார் போனபோது, அப்படி எதுவும் வாங்கக் கூடாது என்று 2025 ஆகஸ்டில் கர்நாடக வழக்கு ஒன்றில் மறுபடியும் தெளிவுபடுத்தியது.

எனவே கவுண்டரில் யார் என்ன தொகை சொன்னாலும் எந்தத் தலைப்பில் என்று கேளுங்கள், ரசீது வாங்குங்கள். "ஃபைலை நகர்த்த" என்று கேட்பவருக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். வழக்கறிஞர் சேமநல நிதியில் சேருவது உங்களுக்கே நன்மை தருவது, அதில் சேரச் சொல்லித்தான் நானும் சொல்வேன். அதைப் பதிவுக் கட்டணத்தோடு போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

உண்மையான செலவு வேறு இடத்தில் இருக்கிறது. நோட்டரி, ஜெராக்ஸ், அரசிதழ் அறிவிப்பு, பல்கலைக்கழகச் சான்றுகள், வெளியூரிலிருந்து சென்னைக்கு வந்து போவது, கோட்டும் கவுனும். இதற்கென்று தனியாக ஒரு தொகை எடுத்து வையுங்கள்.

7. பதிவு நாள்

விண்ணப்பத்தைப் பதிவுக் குழு பரிசீலித்த பிறகு, தேதி அறிவித்து மொத்தமாகப் பலரையும் ஒரே நாளில் பதிவு செய்வார்கள். முழு உடையில் போக வேண்டும்: கறுப்புக் கோட், கழுத்தில் கட்டுகிற வெள்ளைப் பட்டை (பேண்டு), கவுன். அசல் சான்றிதழ்கள் கையில் இருக்கட்டும். உறுதிமொழி எடுத்த பிறகு உங்களுக்கு ஒரு எம்.எஸ். எண் கிடைக்கும், இத்தனையாவது எண், இந்த வருடம் என்று. இனி ஒவ்வொரு வக்காலத்திலும் உங்கள் பெயருக்குக் கீழே அந்த எண் வரும்.

பதிவான தேதிதான் உங்கள் சீனியாரிட்டி. ஒரே நாளில் பதிவானவர்களில் வயதில் மூத்தவர் சீனியர். ஒரு நேரத்தில் ஒரு மாநிலப் பட்டியலில்தான் பெயர் இருக்கலாம். பின்னால் பெங்களூருக்கோ கொச்சிக்கோ போனால் 18-வது பிரிவின்படி பதிவை மாற்றிக்கொள்ளலாம். அப்படி மாற்றாமலேயே இந்தியாவின் எந்த நீதிமன்றத்திலும் ஆஜராக 30-வது பிரிவு உரிமை தருகிறது. அந்தப் பிரிவு 2011 ஜூன் 15-ல்தான் அமலுக்கு வந்தது.

உங்கள் விண்ணப்பத்தை நிராகரிக்க நினைத்தால் மாநில பார் கவுன்சில் அதை இந்திய பார் கவுன்சிலின் கருத்துக்கு அனுப்ப வேண்டும். "இங்கே கிடைக்காவிட்டால் பக்கத்து மாநிலத்தில் போட்டுவிடலாம்" என்ற யோசனை வேலைக்கு ஆகாது. ஒரு மாநிலத்தில் நிராகரிக்கப்பட்டவரை, அந்த பார் கவுன்சிலின் எழுத்துப்பூர்வமான சம்மதமும் இந்திய பார் கவுன்சிலின் சம்மதமும் இல்லாமல் வேறு மாநிலத்தில் ஏற்க மாட்டார்கள்.

8. அகில இந்திய பார் தேர்வு: இரண்டு வருடக் கெடு

2009-10 கல்வியாண்டிலிருந்து சட்டம் முடித்த எல்லோருக்கும் இது கட்டாயம். பதிவுக்குப் பிறகு இரண்டு வருடம் தற்காலிகமாகத் தொழில் செய்யலாம், அதற்குள் தேர்வில் தேறி இந்திய பார் கவுன்சிலின் தொழில் சான்றிதழை வாங்க வேண்டும். வாங்காவிட்டால் தேறும் வரை ஆஜராகும் உரிமை நின்றுவிடும். தேர்வு செல்லாது என்று சொல்லிப் பார்த்த வழக்குகள் எல்லாம் 2023 பிப்ரவரியில் அரசியல் சாசன அமர்வின் தீர்ப்போடு முடிந்துவிட்டன.

இறுதியாண்டு மாணவர்களும் எழுதலாம் என்று 2024-ல் உச்ச நீதிமன்றம் வழி திறந்துவிட்டது. வாய்ப்பிருந்தால் அப்போதே எழுதிவிடுங்கள். ஜூனியராகச் சேர்ந்த பிறகு காலையில் கோர்ட், மாலையில் சேம்பர் என்று ஓடிவிடும், புத்தகத்தைத் திறக்க நேரம் கிடைக்காது.

100 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண், மைனஸ் கிடையாது. பொதுப் பிரிவுக்கும் ஓபிசிக்கும் 45 சதவீதம், பட்டியலினத்தவர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகளுக்கு 40 சதவீதம் எடுத்தால் தேர்ச்சி. கட்டணம் கடந்த தேர்வுகளில் 3,500 ரூபாய், பட்டியலினத்தவருக்கும் பழங்குடியினருக்கும் 2,500 ரூபாய். எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதலாம்.

பாடத்திட்டத்தில் 19 பாடங்கள் இருக்கின்றன, எல்லாவற்றையும் ஒரே மாதிரி படிக்காதீர்கள். அரசியல் சாசனம், குற்றவியல் சட்டம், குற்றவியல் நடைமுறை, உரிமையியல் நடைமுறை, சாட்சியம் இந்த ஐந்தில் மட்டும் 46 கேள்விகள். குடும்பச் சட்டம், ஒப்பந்தம்-சொத்துரிமை இரண்டுக்கும் தலா 8. தேர்வு அறைக்குள் குறிப்பு எழுதாத 'பேர் ஆக்ட்' (சட்ட வாசகம் மட்டும் உள்ள) புத்தகங்களைக் கொண்டுபோகலாம். 2024 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்த மூன்று புதிய குற்றவியல் சட்டங்களின் புத்தகங்களாகப் பார்த்து வாங்குங்கள். புத்தகத்தின் ஓரத்தில் பென்சிலில் எழுதியிருந்தாலும் வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். எந்தப் பிரிவு எந்த அத்தியாயத்தில் என்பது விரலுக்குப் பழகியிருந்தால்தான் புத்தகம் உதவும்.

9. பதிவுக்குப் பிறகு உடனே செய்ய வேண்டியவை

பார் கவுன்சில் வேறு, உங்கள் ஊர் நீதிமன்றத்தின் வழக்கறிஞர் சங்கம் வேறு. பட்டியலில் பெயர் ஏறியதால் சங்க உறுப்பினர் ஆகிவிட மாட்டீர்கள். அதற்குத் தனி விண்ணப்பம், தனிச் சந்தா.

விளம்பரம் செய்யக் கூடாது என்கிறது இந்திய பார் கவுன்சில் விதிகளில் 36-வது விதி. "விவாகரத்துக்கு அணுகவும்" என்று இன்ஸ்டாகிராமில் போடுவது, வழக்கறிஞர்களைப் பட்டியல் போட்டு வாடிக்கையாளர் பிடித்துக் கொடுக்கும் செயலிகளில் பணம் கட்டிச் சேருவது இரண்டும் உங்களைச் சிக்கலில் மாட்டிவிடும். இந்த மாதிரித் தளங்கள் மீது நடவடிக்கை எடுக்கச் சொல்லி 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றமே உத்தரவிட்டது.

கவுன் உயர் நீதிமன்றத்திலும் உச்ச நீதிமன்றத்திலும்தான் கட்டாயம். கோடைக் காலத்தில் கீழமை நீதிமன்றங்களில் கறுப்புக் கோட்டும் கட்டாயமில்லை. அதனால் முதல் மாதமே விலை உயர்ந்த செட் வாங்கக் கடன் வாங்காதீர்கள்.

ஜூனியராகச் சேரும்போது சம்பளத்தைப் பற்றிக் கேட்க வெட்கப்பட வேண்டாம். சென்னை, மதுரை, கோவையில் மாதம் குறைந்தது 20,000 ரூபாயும் மற்ற ஊர்களில் 15,000 ரூபாயும் ஜூனியர்களுக்குக் கொடுக்க வேண்டும் என்று உயர் நீதிமன்ற உத்தரவைத் தொடர்ந்து 2024 ஜூனில் நம் பார் கவுன்சில் சுற்றறிக்கை விட்டிருக்கிறது. எல்லா அலுவலகத்திலும் அது நடக்கவில்லை என்பது உண்மைதான், ஆனால் அப்படி ஒரு சுற்றறிக்கை இருப்பது தெரிந்தால்தானே கேட்க முடியும்.

நீதிபதித் தேர்வு எழுதும் எண்ணம் இருப்பவர்கள் பதிவைத் தள்ளிப்போடவே கூடாது. சிவில் நீதிபதி பதவிக்கு மூன்று வருடத் தொழில் அனுபவம் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 மே 20-ல் தீர்ப்பளித்தது. அந்த மூன்று வருடம் தற்காலிகப் பதிவுத் தேதியிலிருந்தே எண்ணப்படும், பார் தேர்வில் தேறிய நாளிலிருந்து இல்லை. அனுபவச் சான்றை குறைந்தது பத்து வருடம் தொழில் செய்த வழக்கறிஞர் கொடுத்து, அதை நீதித்துறை அதிகாரி மேலொப்பமிட வேண்டியிருக்கும். அதனால் ஆஜரான வழக்கு எண், நீதிமன்றம், தேதி, உங்கள் பெயர் பதிவான உத்தரவுகளின் நகல் எல்லாவற்றையும் முதல் நாளிலிருந்தே ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். மூன்று வருடம் கழித்துத் தேடினால் பாதி கிடைக்காது.